சிவப்புக் குன்றின் கீழ் நீலக் களிமண்

ஜெம் எஸ்காட்டின் பல் ஒன்று பறந்து வந்து என் பூட்ஸ் மேல் விழுந்தது.

வாட்செட் துறைமுகத்தில், படகுகளை இழுத்து ஏற்றும் சரிவில், அவனை மல்லாக்கத் தள்ளி மூன்று பேர் மிதித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் துடுப்போடு நின்றவன் நெட் சல்லி. நேற்றுக் காலை சிவப்புக் குன்றின் அடியில், சரிந்த மண்ணுக்குள்ளிருந்து பிணமாக இழுக்கப்பட்ட மோர்லி சல்லியின் தம்பி.

"சொல்லுடா! எங்கண்ணன் மண்டையை எதால உடைச்சே?"

ஜெம் வாயைத் திறந்தான். வார்த்தைக்குப் பதிலாக ரத்தம் வந்தது. நெட் துடுப்பை ஓங்கினான். இந்த அடி விழுந்தால் ஜெம்மை விசாரிக்க வேண்டிய அவசியமே இருக்காது என்று எனக்குத் தோன்றியது. ஓடிப்போய்த் தடுக்கத் துணிவு வரவில்லை.

என் முதலாளி மிஸ் நெதர்காட் ஓடவில்லை. நடந்து போனார். படகின் விரிசலை அடைப்பதற்காகப் பக்கத்து அடுப்பில் தார் கொதித்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு கரண்டி மொண்டு, நெட்டின் பின்னங்கழுத்துக்கு மேலே பிடித்தார்.

"நெட், அசையாதே. உன் தலைக்கு மேல தார் இருக்கு. எனக்கோ கை நடுங்கும். வயசாச்சு."

"போன வாரம் இப்படித்தான் என் மடியில டீயைக் கொட்டினாங்க," என்றேன் நான். "நல்லவேளை, அது டீ."

ஒரு சொட்டு நெட்டின் காலரில் விழுந்து புகைந்தது. அவன் துடுப்பைக் கீழே போட்டான்.

டார்கஸ் நெதர்காட் டாண்டன் போலீஸில் சார்ஜண்டாக இருந்து விலகி, சொந்தமாகத் துப்பறியும் தொழில் நடத்துபவர். லென் சிட்ஜியான நான் அவருடைய ஒரே உதவியாளன். அந்த வேலைக்கு வேறு யாரும் வராததுதான் என் தகுதி என்று சில நாட்களில் சந்தேகம் வரும்.

எல்லாம் முடிந்தபின் கான்ஸ்டபிள் பெஸ்லி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். ஜெம்மைத் தூக்கி நிறுத்தி, சந்தைக் கட்டடத்தின் அடியில் இருக்கும் கல் லாக்கப்பில் போட்டுப் பூட்டினார்.

"இவனைக் காப்பாத்தத்தான் பூட்டுறேன் மிஸ்," என்றார் அவர். "ஆனா சாயங்காலத்துக்குள்ள டாண்டன்ல இருந்து இன்ஸ்பெக்டர் வந்துடுவாரு. கூட்டாளிங்களா எலும்பு தோண்டுற இவனும் மோர்லியும் முந்தாநாள் முனைக்கு அந்தப் பக்கம் சாம்பல் பாறைத் திட்டுல கத்திக்கிட்டது ஊருக்கே கேட்டிருக்கு. இவன் சட்டையில ரத்தம் வேற. கொலைன்னு எழுதிட்டா அப்புறம் கயிறுதான்."

லாக்கப் சுவரோரம் ஒரு பெண் சால்வையை இறுக்கிக்கொண்டு நின்றிருந்தாள். கெர்ட்டி சல்லி. செத்த மோர்லியின் மனைவி. நேற்று மதியம் எங்களைத் தேடி வந்து இந்தக் கேஸைக் கொடுத்தவளே அவள்தான்.

"ஜெம் கொல்லல மிஸ்," என்றாள் மறுபடியும். "எப்படியாவது அவரை வெளிய கொண்டுவந்துடுங்க."

புருஷனைக் கொன்றதாகச் சொல்லப்படுபவனுக்காக விதவை கண்ணீர் விடுகிறாள். சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட பார்வை எனக்குப் புரிந்தது. சொல்லப்போனால் நானும் அதையேதான் நினைத்தேன்.

"பிணத்தைப் பார்க்கலாம் வா," என்றார் மிஸ் நெதர்காட்.

*

படகுப் பாய் தைக்கும் கொட்டகையில் மோர்லியைக் கிடத்தியிருந்தார்கள். உடம்பெல்லாம் செங்கல் தூள் பூசியது போலச் சிவப்பு. மிஸ் நெதர்காட் துணியை முழுதாக விலக்கினார். நெற்றிக்கு மேலே தலை என்று சொல்ல அதிகம் மிச்சமில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"லென், அங்க கடலைப் பார்க்க உனக்குச் சம்பளம் இல்ல. இதென்ன?"

அவர் விரலால் சுரண்டிய இடத்தில், சிவப்புத் தூசிக்கு அடியில் நீலச் சாம்பலாய் ஏதோ வழுவழுத்தது. களிமண். உடைந்த மண்டை முழுவதும் கட்டை விரல் பருமனுக்கு அப்பியிருந்தது.

"குன்று சரிஞ்சப்ப ஒட்டியிருக்கும்," என்றேன்.

"எந்தக் குன்று?"

யோசித்தேன். வியாழக்கிழமை மாலை வகுப்பில் பாறைகளைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்கள். நான் பாதித் தூக்கத்தில் கேட்டது. தப்பாகவும் இருக்கலாம். ஆனாலும் சொன்னேன்.

"அவனை எடுத்த இடம் சிவப்புக் குன்று, மிஸ். ட்ரயாசிக் காலத்துப் பாறை. அப்ப இந்த இடமே பாலைவனமாம். இந்த நீலக் களி அதுக்கப்புறம் வந்த ஜுராசிக் கடலோட சேறு. முனையைச் சுத்திப் போனா, அந்தப் பக்கம் சாம்பல் திட்டுலதான் கிடைக்கும். இங்க ஒரு பிடிகூடக் கிடையாது."

"ஆக, மோர்லி செத்த இடம் வேற. யாரோ அங்கிருந்து கொண்டுவந்து போட்டு, மேல குன்றைச் சரிச்சு விட்டிருக்காங்க." அவர் களிமண்ணை ஒரு ஓரமாக மெல்ல உரித்தார். அடியில் பழுப்புக் கடல்பாசி. நாடா நாடாவாக, ஒன்றன்மேல் ஒன்று மாற்றி மாற்றிப் படிந்திருந்தது. "இது தானா ஒட்டினதாப்பா?"

"சடை பின்னி விட்ட மாதிரி இருக்கே. செத்தவனுக்கு எதுக்கு அலங்காரம்?"

சொல்லி முடிப்பதற்குள் ஞாபகம் வந்துவிட்டது. இதை நான் பார்த்திருக்கிறேன். இந்தக் கரையில் எலும்பு தோண்டுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். பாறையிலிருந்து பழைய விலங்கின் எலும்பை வெட்டியதும், நொறுங்கிய துண்டுகள் சிதறாமலிருக்க ஈரப் பாசியை வைத்து, மேலே களிமண்ணை அப்பி இறுக்குவார்கள். அதற்குப் பிறகே சறுக்குப் பலகையில் ஏற்றிக் கயிறு கட்டி இழுப்பார்கள்.

"மிஸ்," என்றேன், "இவனை எலும்பைக் கட்டுற மாதிரிக் கட்டியிருக்காங்க."

மிஸ் நெதர்காட் பெப்பர்மிண்ட் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். "கொலைகாரன் வேணும்னு செஞ்சிருக்க மாட்டான். இழுத்துட்டுப் போகணும்னு நினைச்சதும் கை தன்பாட்டுக்கு வேலையைப் பார்த்திருக்கு. வருஷக்கணக்கா அதையே செஞ்ச கை."

"ஜெம் வருஷக்கணக்கா எலும்பு தோண்டுறவன்."

"தெரியும். அதனாலதான் எனக்குக் கவலையா இருக்கு. கடல் இன்னும் உள்வாங்கித்தான் இருக்கு. வா, திட்டுக்குப் போவோம்."

*

முனையைச் சுற்றியதும் கரையின் நிறமே மாறியது. சிவப்பு முடிந்து, சாம்பல் பாறைத் தட்டுகள் வட்ட வட்டமாகக் கடலுக்குள் இறங்கின. தட்டுகளில் நசுங்கிய சுருள் சிப்பிகள் எண்ணெய் பட்ட தண்ணீர் போல மினுங்கின. ரசிக்க நேரமில்லை. எங்கள் கடல் திரும்பும்போது கால்நடையாக வராது, குதிரையில் வரும்.

தேட வேண்டியிருக்கவில்லை. திட்டின் நடுவில் ஆள் நீளத்துக்கு மேலேயே களிமண் மேடு ஒன்று. ஒரு ஓரத்தில் அலை கரைத்த இடத்தில் விலா எலும்புகள் சீப்புப் பற்களாய் வரிசையாகத் தெரிந்தன.

"கடல் டிராகன்," என்றேன். ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். வகுப்பில் இக்தியோசர். "மிஸ், இது முழுசா இருந்தா எந்த மியூசியமும் வந்து கும்பிட்டு வாங்கும்."

"தலைப் பக்கம் திற."

களிமண்ணை அகற்றினேன். பாசி. அதையும் விலக்கினேன். அடியில் தாடையும் கண்ணும் இருக்க வேண்டிய இடத்தில் சுக்கு நூறான துண்டுகள். யாரோ சம்மட்டியால் அடித்திருக்கிறார்கள். அடித்த பிறகு வேறு யாரோ ஒவ்வொரு துண்டையும் அதனதன் இடத்தில் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

கையிலிருந்த பாசியைப் பார்த்தேன். நாடா நாடாவாக, மாற்றி மாற்றி. சடை.

"ரெண்டு தலை," என்றார் மிஸ் நெதர்காட். "ஒரே கை."

பின்னால் கல் உருண்டது. திரும்புவதற்குள் கடப்பாரையின் பின்புறம் என் தோளில் இறங்கியது. மூக்கு பாறையில் மோதியது. வாய்க்குள் உப்பும் ரத்தமும்.

"திருட்டு நாய்ங்களா!" நெட்டின் குரல். "அண்ணனை இன்னும் புதைக்கக்கூட இல்ல, அதுக்குள்ள அவன் டிராகனைத் தூக்க வந்துட்டீங்களா?"

அவன் மறுபடி ஓங்கியபோது மிஸ் நெதர்காட் கோட்டுப் பையிலிருந்து எடுத்த கைச் சுத்தியலைக் கீழாக வீசி அவன் முழங்காலில் போட்டார். சத்தம் எனக்கே கேட்டது. நெட் அலறிக்கொண்டு மண்டியிட்டான். விழுந்த இடம் டிராகனின் தலைக்கு நேர் எதிரே.

அலறல் பாதியில் நின்றது.

"யாரு... யாரு இதை உடைச்சது?"

"நீ சொல்லு. உனக்குத் தெரிஞ்ச ஆள்ல இதைச் செய்யக்கூடியவன் யாரு?"

நெட் உடைந்த துண்டு ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்தான். "மோர்லி," என்றான் கடைசியில். "சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். அவனுக்கு இல்லைன்னா எவனுக்கும் இருக்கக் கூடாது. ஜெம் பங்கு கேட்டிருப்பான். இந்தா உன் பங்குன்னு போட்டு உடைச்சிருப்பான்."

"உங்க வீட்டுல பாசியை இப்படித்தான் வெச்சுக் கட்டுவீங்களா நெட்?"

"எனக்கென்ன தெரியும்? நாங்க வெட்டுறவங்க. கட்டுறதெல்லாம்..." கையை உதறினான். "அது எப்படியோ நடந்துடும்." அடுத்த கணம் அவன் முகம் மாறியது. "புரிஞ்சுபோச்சு. அண்ணன் உடைச்சான், ஜெம்முக்குத் தாங்கல, கொன்னுட்டான். இனிமே எந்த இன்ஸ்பெக்டரும் வேண்டாம்."

நொண்டியபடியே எழுந்து, தூரத்தில் நின்ற தன் ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு முனையை நோக்கி விரைந்தான்.

எனக்கு எழுந்து உட்காரவே கொஞ்ச நேரம் ஆனது. "மிஸ், ஒரு சந்தேகம். நாம ஜெம்மைக் காப்பாத்தத்தானே வந்தோம்? இல்ல, தூக்குல போடக் காரணம் தேடிக் கொடுக்கவா?"

"பேச்சைக் குறை. தண்ணி வந்துடுச்சு பாரு."

முனையில் அலை இடுப்பளவுக்கு ஏறியிருந்தது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினோம். முதல் அலை என்னைப் பாறையில் அடித்தது. இரண்டாவது அலை மிஸ் நெதர்காட்டைக் கால் வாரியது. அவர் தலைமுடியைப் பிடித்துத்தான் இழுத்தேன். அதற்காக இன்றுவரை என்னை அவர் மன்னிக்கவில்லை.

*

லாக்கப் வாசலில் பாதி ஊர் கூடியிருந்தது. நெட்டின் ஆட்கள் படகுப் பாய்க்கம்பு ஒன்றைத் தோளில் தூக்கிக் கதவை இடித்துக்கொண்டிருந்தார்கள். கான்ஸ்டபிள் பெஸ்லி நெற்றி பிளந்து படியில் உட்கார்ந்திருந்தார். சாவியை மட்டும் விடவில்லை. கெர்ட்டி கதவோடு கதவாக ஒட்டி நின்று, இடிக்க வருபவர்களை வெறுங்கையால் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒருவன் அவளை அறைந்தான். விழுந்தாள், எழுந்து வந்து மறுபடி நின்றாள்.

மிஸ் நெதர்காட் நேராகப் பக்கத்து ஜன்னல் கம்பிக்குப் போனார். ஈரம் சொட்டச் சொட்ட, ஊருக்கே கேட்கும் குரலில் கேட்டார்.

"ஜெம்! மோர்லி டிராகனோட தலையை உடைச்சப்ப நீ இருந்தியா?"

உள்ளே இருந்து வீங்கிய குரல் வந்தது. "இருந்தேன். சம்மட்டியைப் பிடுங்கப் போனேன். கையைக் கிழிச்சுட்டான். என்னால பார்க்க முடியல மிஸ். அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போயிட்டேன்."

"உடைஞ்ச தலையை நீ பாசி வெச்சுக் கட்டினியா?"

"எதுக்குக் கட்டணும்? அதுல கட்ட என்ன இருந்துச்சு?"

"ஆனா கட்டியிருக்கு. ஒவ்வொரு துண்டாப் பொறுக்கிக் கட்டியிருக்கு. அதே மாதிரி மோர்லி மண்டையும் கட்டியிருக்கு. திட்டுல அன்னைக்கு யார் யார் இருந்தீங்க?"

"நாங்க ரெண்டு பேருதான். நானும் மோர்லியும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"ரெண்டே பேருதான் மிஸ். சத்தியமா."

கதவை இடித்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். எனக்கு அப்போதும் புரியவில்லை. மிஸ் நெதர்காட் கம்பிக்கு இன்னும் நெருங்கிப் போனார்.

"களிமண் யார் பிசைஞ்சா?"

"கெர்ட்டிதான். எப்பவும் அவதானே பிசைவா."

"பாசி யார் பறிச்சா? சறுக்குப் பலகையை யார் இழுத்தா?"

உள்ளிருந்து ஜெம்மின் விரல்கள் கம்பியைப் பற்றின. பிறகு ஜெம், தனக்குத்தானே சொல்வது போல, "ஐயோ," என்றான்.

நேற்று ஊரில் ஒவ்வொருவரையும் நான்தான் விசாரித்தேன். திட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்டபோது எல்லோரும் இரண்டு பேர் என்றார்கள். அதையே நானும் மிஸ் நெதர்காட்டிடம் ஒப்பித்தேன். யாரும் பொய் சொல்லவில்லை. தோண்டுகிறவர்களை எண்ணினார்கள், அவ்வளவுதான்.

கெர்ட்டி கதவிலிருந்து நகரவில்லை. உதடு கிழிந்து தாடையில் ரத்தம் வழிந்தது.

"அந்த டிராகனைக் கண்டுபிடிச்சதே நான்தான்," என்றாள். அழுகை இல்லை. "பாசி பறிக்கப் போன இடத்துல ஒரு பல்லு தெரிஞ்சுச்சு. மழைக்காலம் முழுக்க அதுகூடத்தான் கிடந்தேன். கண்ணைச் சுத்தி எலும்பு வளையம் ஒண்ணு இருக்கும், பூ மாதிரி. அதை ஊசியால சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். இவங்க ரெண்டு பேரும் யாரு பேரைப் போடுறதுன்னு சண்டை போட்டாங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கல. அப்புறம் அவரு சம்மட்டியை எடுத்து முதல் அடியே அந்தக் கண்ணு மேல போட்டாரு."

"கெர்ட்டி, போதும்," என்றார் பெஸ்லி.

"ஜெம் போனப்புறம் டிராகனோட உடம்பையும் உடைக்கத் திரும்பினாரு. விட்டுடுங்கன்னு காலைப் பிடிச்சேன். எட்டி உதைச்சாரு. கடப்பாரை பக்கத்துல கிடந்துச்சு." தாடை ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தாள். "ஒரு அடியோட நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல."

"எங்கண்ணனைக் கொன்னுட்டு," என்று நெட் கர்ஜித்தான், "எங்ககூடவே நின்னு அழுதியாடி!"

கையில் வைத்திருந்த இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் தூக்கினான். கெர்ட்டி விலகவில்லை.

"அடி. ஆனா முதல்ல கதவைத் திறக்கச் சொல்லு. அவரை வெளிய விடு. அப்புறம் அடி."

பெஸ்லி சாவியை என்னிடம் எறிந்தார். அவசரத்தில் பூட்டின் துளையே கிடைக்கவில்லை. கடைசியில் திறந்தது. ஜெம் என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, கெர்ட்டிக்கும் நெட்டுக்கும் நடுவில் போய் நின்றான். அதற்குள் நெட்டின் கம்பி வேகமாக இறங்கிவிட்டது. ஜெம் தூக்கிய முழங்கை அதை வாங்கிக்கொண்டது. உலர்ந்த மரக்கிளை முறிவது போன்ற சத்தம்.

இரண்டாவது அடி விழவில்லை. நான் பின்னாலிருந்து நெட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். மிஸ் நெதர்காட் அவனுடைய இன்னொரு முழங்காலையும் கவனித்துக்கொண்டார். மூன்று பேரும் ஒரே குவியலாக விழுந்தோம்.

டாண்டன் கார் அப்போதுதான் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கினார். உடைந்த கதவு, உடைந்த கை, தெருவெல்லாம் ரத்தம். நெட்டைப் பார்த்தார், ஜெம்மைப் பார்த்தார். இந்த இருவரில் கொலையாளி யார் என்று முடிவு செய்ய முடியாமல் இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தார். கெர்ட்டி அவர் முன்னால் போய் நின்றாள்.

"நீங்க யாரும்மா? இறந்தவரோட சம்சாரமா? பாவம். கொஞ்சம் ஓரமா நில்லுங்க," என்றார் அவர் கனிவாக. அவளைக் கடந்து ஜெம்மை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தார்.

கெர்ட்டி எட்டி அவர் கையிலிருந்த விலங்கைப் பிடித்துக்கொண்டாள். சறுக்குப் பலகைக் கயிறு இழுத்த கை. இன்ஸ்பெக்டர் இழுத்துப் பார்த்தார். அது வரவில்லை.

"இது எனக்குங்க," என்றாள் அவள்.